குழல் எத்தன இஞ்ச்னு கேக்கதுக்கு முன்ன ஒரு கயிறு எடுங்க

போன வாரம் ராத்திரி பதினொண்ணரைக்கு எனக்க மச்சினன் நியூசிலாந்துலருந்து வாட்சாப்புல கூப்பிட்டான், அங்க அப்போ விடியக்காலம் ஆறு மணி, மாட்டுக்கு பால் கறக்க போற வழி. "அத்தான், மான் வேட்டைக்கு ரைபிள் வாங்கப்போறேன், 308 தோட்டா போடுதது, அதுல குழல் 18 இஞ்ச் எடுக்கவா 22 எடுக்கவா, கடைக்காரன் 24 எடுன்னு நிக்கான்"னு கேட்டான். லே மக்கா, நீ அத எங்க கொண்டு நடக்கப்போற, அத முதல்ல சொல்லுன்னேன். அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல. இதே கேள்விய நானும் ஒரு காலத்துல தப்பா கேட்டு, தப்பா வாங்கி, காசக் கொண்டு தொலைச்சவன்தான், அதனால அவனுக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்புனத கொஞ்சம் நீட்டி எழுதுதேன்.

நான் குலசேகரம் பக்கம். ஏழு வருசம் நியூசிலாந்து தெக்குத் தீவுல மாட்டுப்பண்ணையில வேல பாத்துட்டு இப்போ திரும்பி வந்து ரப்பர் வெட்டிட்டு இருக்கேன். அங்க மான் வெளியிலருந்து கொண்டு விட்ட மிருகம், காட்ட தின்னு அழிக்குதுன்னு கவர்மென்டே சுடச் சொல்லுது, லைசென்ஸும் காட்டுக்குள்ள போவதுக்கு பெர்மிட்டும் இருந்தா போதும். இங்க அப்படி இல்ல கேட்டியளா. 1972 வனவிலங்குச் சட்டமும் 1991ல வந்த திருத்தமும் சேந்தப்பொறவு நம்ம நாட்டுல வேட்டைன்னு ஒண்ணு கெடையாது, பேச்சிப்பாற, கோதையாறு பக்கம் மிளா நிக்கத பாத்து எவனாச்சும் ஆசப்பட்டா ஜெயில்தான், ஏர்கன்ன வச்சி காட்டுக்கோழிய சுட்டாலும் கேஸ் கேஸ்தான். தோட்டத்துல பன்னி ஏறி மரச்சீனிய கெளறிப் போட்டாக்கூட நம்ம இஷ்டத்துக்கு வெடி வைக்க முடியாது. 2025ல தமிழ்நாட்டுல கொண்டுவந்த ஏற்பாட்டுல காப்புக்காட்டுலருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வார பன்னிய சுடலாம், அதுவும் வனத்துறைக்க பயிற்சி எடுத்த ஆளுங்கதான் சுடணும். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல 2022லருந்து பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டா, லிஸ்ட்ல பேர் உள்ள லைசென்ஸ் தோக்குக்காரங்க பன்னிய சுடலாம். வெள்ளறடைல இருக்க எனக்க மாமாவுக்க பேரு அந்த லிஸ்ட்ல உண்டும், அவரப் பத்தி பொறவு வருதேன்.

அப்போ இது யாருக்குன்னா, வெளிநாட்டுல சட்டப்படி வேட்டைக்கு போவுத நம்ம ஊர் பயலுவளுக்கு, மாமா மாதிரி ஆளுங்களுக்கு, பொறவு ரைபிள் கிளப்புக்கு பிள்ளைய அனுப்புதவங்களுக்கும் கொஞ்சம்.

சரி, குழலுக்கு வருவோம். தோட்டாக்குள்ள மருந்து எரிஞ்சி வார வாயு குண்ட பின்னாலருந்து தள்ளிட்டே வருது, குழல் முடியுத வரைக்கும்தான் அந்தத் தள்ளு, அதனால நீளம் கூடுனா வேகம் கூடும். இதுவரைக்கும் எல்லாவனுக்கும் தெரியும். எவ்வளவு கூடும்ங்கதத்தான் யாரும் சொல்லமாட்டான். 308, 30-06 மாதிரி சாதாரண ரைபிளுக்கு ஒரு இஞ்ச்சுக்கு செக்கண்டுக்கு 20, 25 அடி, அதாவது 6லருந்து 8 மீட்டர், தோராயமா அவ்வளவுதான். 24 இஞ்ச்ல 860 மீட்டர் வேகத்துல போவுத குண்டு 18 இஞ்ச்ல 815 கிட்ட போவும். கேக்கதுக்கு பெருசா இருக்கு இல்லியா, ஆனா 100 மீட்டருக்கு சைட் செட் பண்ணிட்டு 200 மீட்டர்ல சுட்டா ரெண்டுக்கும் எறக்க வித்தியாசம் ஒரு இஞ்ச்சுகூட வராது. மான் நெஞ்சுல நாம குறி வைக்குத எடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் உண்டும். கை நடுங்குதுல வாற பிசகு இதவிட எத்தனையோ மடங்கு.

எல்லா தோட்டாவுக்கும் இதே கணக்குன்னு எடுத்துக்காதீங்க. 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம், 300 வின்செஸ்டர் மேக்னம் எல்லாம் குடம் மாதிரி மருந்து நெறச்சது, அத 20 இஞ்ச் குழல்ல போட்டா பாதி மருந்து வெளிய வந்து தீபாவளி காட்டும், காசும் போச்சு காதும் போச்சு, அதுக்கு 24 இல்லன்னா 26 வேணும், குறைக்க மனசிருந்தா மேக்னமே வாங்காதீங்க. நேர்எதிரா நம்ம சின்ன 22 ரிம்ஃபயர் தோட்டா, அதுல இருக்க துளி மருந்து 16லருந்து 18, 19 இஞ்ச்க்குள்ள முழுசா வேலைய முடிச்சிரும், அதுக்கு மேல நீளம் போட்டா குண்டு குழலுல உரசிட்டு போவுததுதான் மிச்சம், வேகம் கூடாது, சிலதுல குறையவே செய்யும்.

நீளக் குழல்தான் குறி தவறாதுன்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை உண்டும். எனக்க பாட்டாவும் அதத்தான் சொல்லுவாரு, அவருக்க காலத்து கரிமருந்துத் தோக்கு ஆள் உயரத்துக்கு நிக்கும். அது அந்தக் காலத்துக்கு சரி, கரிமருந்துக்கு நீளம் வேணும், ஸ்கோப்பும் கெடையாது. புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைக்குள்ள டிலனாய் கல்லறைய பாக்க போயிருப்பீங்க, 1741ல குளச்சல்ல தோத்து பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரன், பொறவு மார்த்தாண்ட வர்மாவுக்கே படைய பழக்கிக் கொடுத்து அந்தக் கோட்டைல பீரங்கி வார்த்தவரு. பீரங்கி காலத்துல நீளம்னா பலம்னு பேச்சு உண்டாச்சுன்னா அதுல ஞாயம் இருக்கு. இப்போ உள்ள ரைபிளுக்கு அது செல்லாது.

செல்லாதுன்னு மட்டும் இல்ல, சில சமயம் நேர்தலைகீழ். குண்டு போவும்போது குழல் சாட்டை மாதிரி அதிரும், ஒரே தடியில உள்ள கம்பில நீளமானது கூட வளையும், குட்டையானது வளையாது. கணக்கு நீளத்துக்க மூணாம் படி. நுனில ஒரே வெயிட்ட தொங்கவிட்டா 18 இஞ்ச் குழல விட 24 இஞ்ச் குழல் ரெண்டே கால் மடங்குக்கு மேல வளையும். அதனால ஒரே தடி, ஒரே தரம்னா குட்டைக்குழல் நல்லாத்தான் அடிக்கும், மோசமா அடிக்காது.

நீளம் உண்மைலயே உதவுத எடம் ஒண்ணு இருக்கு, இரும்பு சைட். ஸ்கோப் இல்லாம முன் சைட்டும் பின் சைட்டும் சேத்து பாக்கும்போது ரெண்டுக்கும் இடைல 50 சென்டிமீட்டர் இருந்து, அர மில்லிமீட்டர் பிசகுனா 100 மீட்டர்ல 10 சென்டிமீட்டர் தள்ளிப் போவும், அதே அர மில்லி 60 சென்டிமீட்டர் இடைவெளில 8.3 தான். நம்ம நாட்டுல லைசென்ஸ்காரங்க நெறைய பேர் வச்சிருக்குத 315 போர் ரைபிள்ல ஸ்கோப் இல்லாமத்தான் பல பேரும் சுடுதாங்க, அவங்க குட்டைக்குழலுக்கு ஆசப்பட வேண்டாம். ஸ்கோப் வச்சாச்சுன்னா இந்த காரணம் அத்தோட காலி.

சத்தம் இன்னொண்ணு. குழல் குறையக் குறைய வெடி வாய் காதுக்கு கிட்ட வருது, எரியாத மருந்தும் கூட வருது. 16 இஞ்ச் 308ஐ காது மூடாம ஒரு தடவ சுட்டுப் பாத்தவன் ரெண்டாவது தடவ சுட மாட்டான். காது மூடி போட்டுக்கிடுங்க, எந்த நீளமா இருந்தாலும், எனக்கு எடது காதுல இப்பவும் ராத்திரி சில்வண்டு கத்துது.

இனி எங்க கொண்டு நடக்கப்போறீங்கங்கத பாப்போம், எனக்க முதல் தப்பு அங்கதான். அங்க போயி ரெண்டாம் வருசம், கைல கொஞ்சம் காசு, யூட்யூப்ல ராத்திரியெல்லாம் வீடியோ பாத்து, ஒரு கடைல போயி 26 இஞ்ச் தடிக்குழல் 300 மேக்னம் ஒண்ண வாங்கிட்டு வந்தேன். கடைல ஸ்டாண்டுல வச்சி பாக்கும்போது ராஜா மாதிரி இருந்திச்சு. காட்டுக்குள்ள போனா அங்க சப்பிள்ஜாக்னு ஒரு கொடி, நம்ம ஊர் பெரம்பு மாதிரி மரத்துக்கு மரம் பின்னிக் கெடக்கும், ஒவ்வொரு பத்தடிக்கும் குழல் நுனி அதுல கொருத்து நிக்கும். ரப்பர் எஸ்டேட்டுல ஊடுபயிரா கைதச்சக்க, அதான் அன்னாசி, போட்டிருக்குத எடத்துக்குள்ள அலுமினிய ஏணிய தோள்ல வச்சிட்டு நடந்து பாருங்க, அதே கத. ஒரு நாள் 30 மீட்டர்ல கொம்பன் ஒண்ணு நின்னு என்னைய பாக்குது, நான் தோக்க தோளுக்கு கொண்டு வரேன், குழல் ஒரு கொடில கொருத்து அந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்குது, நான் கொடிகூட மல்லுக்கு நிக்கேன், மான் பையப் பைய நடந்து போச்சு, ஓடக்கூட இல்ல. சவத்த அடுத்த மாசமே வித்துட்டேன், பாதி வெலைக்கு.

அதுக்கப்புறம் நான் வச்சிருந்த கணக்கு லேசானது. புதர்க்காடு, 100 மீட்டருக்குள்ள சுடுதது, வண்டில ஏறி எறங்குதது, அப்படின்னா 16லருந்து 20. காடும் வெட்டவெளியும் கலந்து, ஒரே ரைபிள்தான் வாங்க முடியும்னா 20லருந்து 22, கண்ண மூடிட்டு எடுக்கலாம். மரமில்லாத மலை உச்சில 300 மீட்டருக்கு மேல படுத்துகிட்டு சுடுததுன்னாத்தான் 24, 26. சத்தத்த குறைக்க குழல் நுனில மாட்டுத சப்ரஸர் மாட்டுவேன்னா அதுக்க நீளம் 6, 7 இஞ்ச்சையும் குழலோட சேத்துத்தான் எண்ணணும். அங்க அது சாதாரணம், கடைல வெள்ளரிக்கா மாதிரி அடுக்கி வச்சிருப்பான், பல பேரு அதுக்காகவே குழல 16, 18க்கு வெட்டி மரை போட்டு வாங்குவான். நம்ம நாட்டுல அது கூடவே கூடாத சாமான், நெனச்சிக்கூட பாக்காதீங்க.

இனி பேலன்ஸ், எனக்கு பேச வேண்டியதே இதுதான். நீளம் கேட்டலாக்ல போட்டிருப்பான், வெயிட் போட்டிருப்பான், பேலன்ஸ் எங்கயும் போட்டிருக்க மாட்டான். மச்சினன் கேட்ட 18ஆ 22ஆங்குத கேள்விக்கு உண்மையான பதில் அந்த நாலு இஞ்ச் இரும்பு எங்க தொங்குதுங்குததுல இருக்கு.

நம்ம வீட்டுல சக்க பறிக்க தோட்டி இருக்கும் இல்லியா, மூங்கில் கம்பு, நுனில ஒரு அருவா கட்டி. அருவா என்ன பெரிய பாரம், கால் கிலோ. ஆனா அத நுனில கட்டிட்டு கம்புக்க அடிய பிடிச்சி படுக்கையா நீட்டிப் பாருங்க, கை ரெண்டு நிமிசத்துல விட்டுப்போவும். அதே அருவாய கைப்பிடி கிட்ட கட்டுனா கட்டுனதே தெரியாது. குழல் நுனிலயும் அதே சங்கதிதான். மெல்லிசான வேட்டைக்குழல் நுனி கிட்ட 15 மில்லிமீட்டர் தடி இருந்தா ஒரு இஞ்ச்சுக்கு 26, 27 கிராம் வரும், 22 மில்லி தடிக்குழலா இருந்தா 65 கிராமுக்கு மேல. நாலு இஞ்ச் மெல்லிசுல 110 கிராம்னு சொன்னா ஒரு கட்டன் சாயா பாரம்கூட இல்லன்னு தோணும், ஆனா அது ஒங்க கைலருந்து முழம் தள்ளி தொங்குது, அதுதான் விசயம்.

அளக்க கயிறு போதும். முதல்ல தோக்க காலி பண்ணுங்க, மேகசின கழத்துங்க, போல்ட்ட தொறந்து அறைக்குள்ள கண்ணால பாருங்க, விரல விட்டும் பாருங்க. காலின்னு தெரிஞ்சாலும் பாருங்க. பொறவு காட்டுக்கு எப்படி கொண்டு போவீங்களோ அப்படியே எல்லாத்தையும் மாட்டணும், ஸ்கோப், தோள்வாரு, காலி மேகசின், சப்ரஸர் உண்டுன்னா அதுவும். வெறும் ரைபிள கடைல தூக்கிப் பாத்து "கொள்ளாம்"னு சொல்லி வாங்குததுல அர்த்தமே இல்ல, அதுல அர கிலோ ஸ்கோப் ஏறுனதும் வேற ஆளா மாறிரும். ஒரு கயித்துல சுருக்கு போட்டு உத்தரத்துல கட்டி, சுருக்குக்குள்ள ரைபிள விட்டு முன்ன பின்ன நகத்தி, அது தராசு மாதிரி நேர நிக்குத எடத்துல சாக்பீஸால ஒரு கோடு. போல்ட் ஆக்ஷன் ரைபிள்ல அந்தக் கோடு முன்பக்க ஆக்ஷன் ஸ்க்ரூ, அதாவது ரைபிளுக்க இரும்ப கட்டையோட முறுக்கிப் பிடிக்குத திருகு கிட்ட, இல்லன்னா அதுக்கு ஒரு இஞ்ச் முன்ன விழுந்தா எனக்கு திருப்தி. அப்போ ரெண்டு கைக்கும் பாரம் பங்கு பிரியும், ஒரு கைல தூக்கிட்டு நடக்கவும் அதே எடம்தான் கைக்கு வரும்.

கோடு முன்னால போனா நுனி பாரம். நின்னுகிட்டு சுடும்போது நுனி பாரம் ஒரு அளவுக்கு நல்லது, ஆடாம நிக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடி மாசக் காத்துல குட பிடிச்சிட்டு நின்னவங்களுக்கு தெரியும், லேசான சாமான் கைல நிக்கவே நிக்காது, மலை உச்சில காத்தடிக்கும்போது நுனில கொஞ்சம் கனம் இருந்தா நீங்க தேங்க்ஸ் சொல்லுவீங்க. ஆனா நாள் பூரா தூக்கி நடக்க, சடார்னு தூக்க, அது ஆவாது. கோடு பின்னால வந்தா தூக்க சுகமா இருக்கும், குழல் காத்தாடி மாதிரி அலையும், ட்ரிகர இழுக்குத நேரத்துல குறி மாறும். இதுல எது சரின்னு ஊருக்கெல்லாம் ஒரே நம்பர் சொல்லுதவன நம்பாதீங்க.

கயிறு காட்டாத விசயமும் ஒண்ணு உண்டும். ரெண்டு ரைபிளுக்கும் கோடு ஒரே எடத்துல விழும், வெயிட்டும் ஒண்ணு, ஆனா கைல எடுத்தா ஒண்ணு மீன் மாதிரி திரும்பும், இன்னொண்ணு ஒலக்க மாதிரி நிக்கும். ஏன்னா ஒண்ணுல பாரம் நடுவுல, ஒங்க ரெண்டு கைக்கு இடைல கூடி கெடக்கு, இன்னொண்ணுல நுனிலயும் பின்னாலயும் பிரிஞ்சி கெடக்கு. சிலம்பக் கம்ப சுத்துதவங்ககிட்ட கேளுங்க, ரெண்டு நுனிலயும் துணி சுத்தி தீப்பந்தம் ஆக்குனா நடுப்புள்ளி மாறாது, ஆனா சுத்த எடுக்குத வலுவும் நிறுத்த எடுக்குத வலுவும் தனி. அதனால நுனி பாரமா இருக்கேன்னு தோள்ல ஊணுத பின்கட்டைல ஈயத்த ஊத்தி சரிக்கட்டுதது பாதி வைத்தியம்தான், கோடு பின்னால வரும், ரைபிள் மந்தமா ஆவும்.

எனக்க ரெண்டாவது ரைபிளுக்கு கணக்கு போட்டு பாத்தத சொல்லுதேன். மூணரை கிலோ, 22 இஞ்ச் குழல், கோடு ஸ்க்ரூ மேலயே. 400 கிராம் சப்ரஸர மாட்டுனதும் கோடு ஆறரை சென்டிமீட்டர் முன்னால சாடிருச்சு, மொத்த குழல் நீளம் 29 இஞ்ச், பழைய சப்பிள்ஜாக் கததான் திரும்ப. லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்துகிட்ட கொடுத்து 18க்கு வெட்டுனப்பொறவு அதே சப்ரஸரோட கோடு நாலு சென்டிமீட்டர் சொச்சம்தான் முன்னால நின்னுச்சு, நீளம் 25. மீதிய ஈயம் வச்சி இழுக்க பாத்தா 300 கிராம் ஈயத்துக்கு மூணு சென்டிமீட்டர் சொச்சம்தான் வருது, மொத்தம் நாலு கிலோ தாண்டிரும். வேண்டாம்னு விட்டுட்டேன், அதுக்கு பதிலா 600 கிராம் ஸ்கோப்ப கழத்திட்டு 350 கிராம் ஸ்கோப் போட்டேன். கோடு பெருசா அசையல, ஆனா ஆளு பிழைச்சான், மேல்பாரம் குறைஞ்சதும் தோள்ல வச்சா இடது வலது சாயுதது நின்னுச்சு.

கயிறு முடிஞ்சா கண்ண மூடிட்டு ஒரு பரீட்சை. சுவருல ஒரு ஆணிய பாருங்க, கண்ண மூடுங்க, ரைபிள தோளுக்கு கொண்டு வாங்க, கண்ண தொறங்க. ஸ்கோப்புக்குள்ள வட்டம் முழுசா தெரியணும், ஆணி கிட்ட இருக்கணும். ஓரத்துல கருப்பு பிறை மாதிரி தெரிஞ்சா ஸ்கோப் முன்ன பின்ன நகரணும், இல்லன்னா பின்கட்ட நீளம் ஒங்களுக்கு ஒக்கல. பத்து தடவ செய்யுங்க, ஒரு தடவ ஒத்து வந்தா அது குருட்டு அதிர்ஷ்டம். பொறவு ஒரு நடக்கற ஆள... ஆளு வேண்டாம், எந்தக் காரணத்துக்கும் ஆள் பக்கம் திருப்பாதீங்க, மதில் மேல்விளிம்ப ஒரு கோடா வச்சி இடதுலருந்து வலது நுனிய ஓட்டிட்டு போயி சடார்னு நிறுத்துங்க. நிறுத்துன எடத்த தாண்டி குழல் ஓடுச்சுன்னா பாரம் நுனில கூடுதல். கடைசியா ஒத்தக் கைல தூக்கி பத்து நிமிசம் நடங்க, ஏத்தத்துல. கடைக்காரன் நெத்திய சுருக்குவான், சுருக்கட்டும்.

பின்கட்ட நீளம்னு சொன்னேன் இல்லியா, ட்ரிகர்லருந்து கட்டைக்க பின்னால வரைக்கும். கடைல வருதது பெரும்பாலும் 13 முக்கால் இஞ்ச் கிட்ட, ஆறடி வெள்ளக்காரனுக்கு. எனக்க வீட்டுக்காரி அஞ்சடி ஒண்ணு, எனக்க ரைபிள எடுத்தா குழல் நுனி தானா கீழ போவும், அவ ஒடம்ப பின்னால வளச்சி நிப்பா, "இது பாரம் கூடுதல், எனக்கு ஆவாது"ன்னு சொல்லிட்டா. பாரம் இல்ல, நீளம். 12 முக்கால் இஞ்ச் கட்ட போட்டதும் அதே ரைபிள், அதே குழல், ரைபிள் அவளுக்க நெஞ்சு கிட்ட வந்திச்சு, முன்கைக்கு பாரம் குறைஞ்சு. குழல வெட்டணும்னு நெனைக்குதவங்க முதல்ல கட்டைய பாருங்க. குளிர் நாட்டுல தடிச்ச ஜாக்கெட் போட்டா இன்னும் அர இஞ்ச் குறைவா வேணும், நம்ம ஊர்ல சட்டைமேல வச்சி அளந்துட்டு அங்க போயி கொருத்துக்கிடாதீங்க.

இனி வெள்ளறட மாமா. அவருக்க கைல உள்ளது பாட்டாவுக்க பழைய 12 போர் ரெட்டக்குழல், 30 இஞ்ச். ராத்திரி மரச்சீனி வெளைல டார்ச் வெளிச்சத்துல 20, 25 மீட்டர்ல சுடுததுதான் அவருக்க சோலி, ஓடுத பன்னி. சுட்ட பன்னிய தின்னவும் கூடாது, குழி வெட்டி பொதைக்கணும், அதுல அவருக்கு தீராத வருத்தம் உண்டும். அவரும் கேட்டாரு, 30 நீளம் கூடுதலாலேன்னு. 12 போருக்கு கணக்கே வேற. அதுல ஒத்தக் குண்டுக்கு பதிலா சில்லு, அதாவது சின்னச் சின்ன ஈயக்குண்டுதான் கூட்டமா போவும், அதுக்க மருந்து சீக்கிரம் எரிஞ்சி தீரும், 26க்கும் 30க்கும் வேகத்துல கிட்டத்தட்ட வித்தியாசமே இல்ல. சில்லு எவ்வளவு பரவும்ங்குதத நீளம் தீர்மானிக்காது, நுனில ரெண்டு மூணு இஞ்ச்ல குழலுக்க உள்வட்டத்த சுருக்கி வச்சிருக்குத சோக்தான் தீர்மானிக்கும், 40 கஜத்துல ஃபுல் சோக் 70 சதவீதம் சில்ல ஒரு கஜத்துக்கு குறைஞ்ச வட்டத்துக்குள்ள வைக்கும், சோக் இல்லாத குழல் 40 சதவீதம். அப்போ நீளம் எதுக்குன்னா ஓட்டத்துக்கு. ஓடுத பன்னிகூட குழல் சீரா ஓடணும், நடுவுல நிக்கக்கூடாது, அதுக்கு நுனில கொஞ்சம் பாரம் உதவும். ரெட்டக்குழல்ல பேலன்ஸ் கோடு மடக்குத கீல் ஊசி மேல, இல்லன்னா விரக்கட முன்ன விழுந்தா நல்ல தோக்கு. பாட்டாவுக்கது சரியா ஊசி மேல. பெல்ஜியம்காரன் எவனோ நூறு வருசம் முன்ன கயிறு கட்டிப் பாத்துத்தான் செஞ்சிருப்பான் போல. நான் மாமாகிட்ட தொடாதீங்கன்னு சொன்னேன்.

தொடாதீங்கன்னு சொன்னதுக்கு காரணம் உண்டும். எங்களுக்கு தெரிஞ்ச ஒருத்தரு இதே மாதிரி ஒரு ரெட்டக்குழல "கைக்கு அடக்கமா இருக்கட்டும்"னு ஆறு இஞ்ச் அறுத்துப் போட்டாரு. அதோட சோக் போச்சு. ரெண்டு குழலும் நுனில ஒண்ணா சேருத மாதிரி ஈயம் வச்சி ஒட்டியிருந்த எடமும் போச்சு, நடுவுல விரல் போவுத ஓட்ட, இடது குழல் எங்கயோ வலது குழல் எங்கயோ. எல்லாத்துக்கும் மேல 1959 ஆயுதச் சட்டம் ஆறாம் பிரிவுல தனி லைசென்ஸ் இல்லாம குழல குறைக்குததே குற்றம். எலக்ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைக்க கொண்டு போனப்போ ஏட்டு டேப்ப வச்சி அளந்து லைசென்ஸ் புக்க பாத்தாரு, அம்புட்டுதான். நம்ம நாட்டுல குழல் நீளத்த வாங்கும்போதே தேர்ந்தெடுக்கணும், வாங்குனப்பொறவு இல்ல. பழைய தோக்கு வாங்குதவங்க நுனிய நல்லா பாத்துக்கிடுங்க, குழல் வாய் நேர் வெட்டா, பிசிறில்லாம, பொறல் இல்லாம இருக்கணும், ரெட்டக்குழல்ல நுனில ரெண்டுக்கும் இடைல ஓட்டை இருந்தா காச பைல வச்சிட்டு திரும்பிருங்க.

ஏர் ரைபிள் கேட்டவங்களுக்கு சுருக்கமா. 4.5 மில்லி, 20 ஜூலுக்கு உள்ள உள்ளதுக்கு லைசென்ஸ் வேண்டாம், பிள்ளைய பழக்க அது போதும். ஸ்பிரிங் ஏர்கன்ல பெல்லட்டு முதல் எட்டு பத்து இஞ்ச்லயே ஓட வேண்டிய வேகத்த ஓடிரும், மிச்சக் குழல் மடக்கி லோடு பண்ண பிடி மாதிரிதான். 10 மீட்டர் போட்டி ரைபிள்ல பாத்தா குழல் உள்ள குட்டையா முடிஞ்சி, மேல ஒரு வெறும் டியூப் நீட்டி அதுல முன் சைட் வச்சிருப்பான், சைட் இடைவெளிக்கு மட்டும். போட்டில மேல்வரம்பு அஞ்சரை கிலோ, ஆனா எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு அஞ்சரை கிலோவ வாங்கிக் கொடுக்காதீங்க, முதுகு வளையும். நின்னு சுடுத வெளயாட்டுல ஓட்டம் கெடையாது, அதனால பாரம் கொஞ்சம் முன்னால இருக்கலாம், இடது முழங்கை இடுப்புல ஊணி நிக்கும்போது கை மேல நேர எறங்குத மாதிரி. பிள்ளை அர மணிக்கூர் நின்னப்பொறவு நுனி ஆடுதான்னு பாருங்க, முதல் அஞ்சு நிமிசத்துல எல்லாப் பிள்ளையும் நல்லாத்தான் நிக்கும்.

மச்சினன் கடைசில 20 இஞ்ச் மெல்லிசுக்குழல் எடுத்தான், கடைக்காரன் சொன்ன 24ம் இல்ல, அவன் ஆசப்பட்ட 18ம் இல்ல. நேத்து போட்டோ அனுப்பியிருந்தான், கேரேஜ்ல உத்தரத்துல மாட்டுக் கயித்துல ரைபிள் தொங்குது, போல்ட் தொறந்து கெடக்கு, சாக்பீஸ் கோடு ஸ்க்ரூக்கு முக்கால் இஞ்ச் முன்ன. பக்கத்துல அவனுக்க மோள் நின்னு கயித்த ஊஞ்சல்னு நெனச்சி இழுக்குது. "அத்தான் முக்கால் இஞ்ச் பரவால்லியா"ன்னு கேட்டிருந்தான். பரவால்ல, பிள்ளைய முதல்ல அங்கருந்து மாத்துன்னு பதில் போட்டேன்.